நூற்று நாற்பது விநாடி

திரையில் அந்த டிஸ்க்கின் பெயர் மங்கிப்போயிருந்தது.

அவள் மறுபடி தேடச் சொன்னாள். சர்வர் தேடியது.

மங்கலாகவே நின்றது.

ஜன்னல் இல்லாத குளிர்ந்த கூடம். வெளியே அம்பத்தூரில் காலை பதினொரு மணி வெயில். உள்ளே எல்லா நாளும் ஒரே வெளிச்சம், ஒரே ஓசை. எங்கோ தூரத்தில் மழை பெய்துகொண்டே இருப்பதுபோல.

இந்த ஒரு சர்வருக்குள் முப்பத்தொரு கணினிகள் இருக்கின்றன. எதற்கும் உடல் கிடையாது; எல்லாம் மென்பொருளால் ஆனவை. சர்வருக்கும் சொந்தமாக டிஸ்க் கிடையாது. அதெல்லாம் வேறோர் அலமாரியில், கேபிளின் மறுமுனையில். சர்வர் அவற்றைப் பார்த்ததில்லை. கேட்டுத்தான் தெரிந்துகொள்ளும்.

யார் அங்கே?

ஒவ்வொரு டிஸ்க்கும் ஒரு நீண்ட எண்ணைச் சொல்லும். நாம் வைக்கும் பெயர் மாறலாம். அந்த எண் மாறாது. நான்கு வழிகளில் நான்கு பேர் போல வந்து நின்றாலும், நான்கும் ஒரே எண்ணைச் சொன்னால், வந்திருப்பது ஒன்றுதான் என்று அதற்குத் தெரிந்துவிடும்.

இன்று நான்கு வழியிலும் பதில் இல்லை.

கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு ஜெபசிங் வந்தான். ஸ்டோரேஜ் பிரிவு அவன் பொறுப்பு. கையில் சுருட்டிய கேபிள்.

“எல்லாத்தையும் புதுசுக்கு மாத்திட்டு, பழைய டிஸ்க் பெட்டியக் கழட்டி லாரில ஏத்தியாச்சு மேடம். இந்நேரம் பூந்தமல்லி தாண்டியிருக்கும்.”

“இதுகிட்ட சொன்னியா?”

“எதுகிட்ட?”

சர்வரைக் காட்டினாள்.

“மெஷின்கிட்ட போய் யாராச்சும் போயிட்டு வர்றேன்னு சொல்வாங்களா?” சிரித்தான். திரையைப் பார்த்ததும் நிறுத்தினான். “ஐயோ. சொல்லல.”

ஒரு டிஸ்க்கை எடுக்கும் முன் சர்வருக்குச் சொல்லவேண்டும். இனி இது இருக்காது என்று. சொல்லாமல் எடுத்தால் அது நம்பாது. கேபிள் தளர்ந்திருக்கலாம். கொஞ்ச நேரத்தில் வந்துவிடலாம். நூற்று நாற்பது விநாடி விடாமல் கூப்பிடும். அதன் பிறகும் பெயரை எடுக்காது. மங்கலாக வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்தக் காத்திருப்பில் மற்ற வேலைகள் ஒவ்வொன்றாகத் தள்ளாடும்.

ஒரு பதில் வந்தால் போதும். இங்கே அப்படி யாரும் இல்லை என்று மறுமுனை ஒருமுறை சொல்லிவிட்டால், அந்தக் கணமே விட்டுவிடும்.

அரக்கோணத்தில் அவள் அம்மா வாசற்கதவைப் பகலில் சாத்துவதில்லை.

நான்கு வருடம்.

அப்பா ஒரு காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். போயிட்டு வர்றேன் என்று சொல்லவில்லை. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை.

அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்குக் குறித்த மூன்று தேதிகளைத் தவறவிட்டாகிவிட்டது. இதற்கு மேல் தள்ளினால் பார்வைக்கு நான் பொறுப்பில்லை என்றார் டாக்டர். இந்த வியாழன் நான்காவது தேதி. ஒரு நாள் சென்னைக்கு வந்து தங்கவேண்டும். அம்மா மாட்டேன் என்கிறாள்.

“வீடு பூட்டிக் கெடந்தா, வந்தவரு அப்படியே திரும்பிப் போயிருவாருடி.”

போன வாரம் கஞ்சி வடிக்கும்போது கையில் ஊற்றிக்கொண்டாள்.

மார்ச்சில் ஒரு மதியம், சென்னையில் இருந்த அவளுக்கு ஓர் அழைப்பு வந்தது. எண் புதிது. பேசும் முன் இரண்டு முறை தொண்டையைச் செருமியது பழையது.

“நான் இனிமே வரமாட்டேம்மா. அம்மாகிட்ட சொல்லிரு.”

பின்னால் ஒரு குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலுக்கு முன் யாரோ அடுப்பை அணைத்தார்கள்.

திருப்பிக் கூப்பிட்டபோது அந்த எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

ஏழு மாதம். அவள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது நல்லது என்று முதலில் நினைத்தாள். பிறகு நினைக்கவே இல்லை.

“கொஞ்சம் பாக்கலாமா மேடம்? தானா விட்டுராது?” என்றான் ஜெபசிங்.

“விடாது. உள்ள இருக்கறதெல்லாம் பக்கத்து சர்வருக்கு மாத்து. மாத்தி முடிச்சதும் இத ரீஸ்டார்ட் பண்ணு.”

“நீங்க?”

“ஒரு போன் பண்ணணும்.”

நடைவழியில் சூடு முகத்தில் அடித்தது. முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் அம்மா எடுத்தாள். எப்போதும் அப்படித்தான். திரையில் யார் பெயர் என்று அவளுக்குத் தெரியாது.

“யாரு?”

“நான்தாம்மா.”

“ம். நீயா.”

“அம்மா, அப்பா பேசினாரு. மார்ச்ல.”

அவள் கண்ணாடிக் கதவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“வரமாட்டாராம். ஒங்கிட்ட சொல்லச் சொன்னாரு. நான்தான் சொல்லல.”

குக்கரைப் பற்றிச் சொல்லவில்லை.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. அவள் ஹலோ என்று கேட்கவில்லை. இருக்கியாம்மா என்றும் கேட்கவில்லை. கண்ணாடிக்கு அப்பால் முப்பத்தொரு கணினிகளும் ஒவ்வொன்றாகப் பக்கத்து சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. தூக்கம் கலையாத குழந்தைகளை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குத் தூக்கிப் போவதுபோல. எதற்கும் தெரியாது.

எவ்வளவு நேரம் என்று அவள் எண்ணவில்லை.

அம்மா நடப்பது கேட்டது. வாசற்கதவு தரையில் உரசியது. துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒருமுறை சிக்கி, பிறகு விழுந்தது.

“வியாழக்கெழம எத்தன மணிக்குடி வரச் சொன்னாங்க?”