பதினாலு ஃபோன்

"ஒரே ஆளோட மெயிலைப் பதினாலு ஃபோன்ல பாக்குறாங்களா?"

மேனேஜர் தர்மேந்திரன் வாய்க்குக் கொண்டுபோன தேநீரை அப்படியே மேசையில் வைத்துவிட்டார்.

"ஆமா சார். நம்ம பெரிய கிராணி சிவசாமியோட கணக்கு." துளசி பட்டியலை அவர் முன் நீட்டினாள்.

மலேசியாவின் கேமரன் மலையில் அந்தத் தேயிலைக் கம்பெனியின் கணினிப் பிரிவுக்கு அவள் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது. ஊழியர்கள் சொந்த ஃபோனில் கம்பெனி மெயில் பார்ப்பதை நிறுத்தச் சொல்லித் தலைமை அலுவலகம் உத்தரவு போட்டிருந்தது. சொந்த ஃபோன்கள் மெயிலை எடுக்க ஐமேப், பாப் என்று சர்வரில் இரண்டு கதவுகள். மூடுவதற்கு முன்னால், யார் யார் அந்த வழியாக வந்து போகிறார்கள் என்று பட்டியல் எடுத்தாள். ஆளுக்கு ஒரு ஃபோன், மிஞ்சினால் இரண்டு.

தலைமை எழுத்தர் சிவசாமிக்கு மட்டும் பதினான்கு.

"நம்ம விலையை வெளிய விக்கிறாருலா இந்த மனுஷன்! முப்பது வருஷமா கூடவே இருந்துக்கிட்டு!" தர்மேந்திரனின் முகம் சிவந்துவிட்டது. "கதவை மூடு. பாஸ்வேர்டையும் மாத்திடு. அந்த வெளியாளுங்க யாருன்னு அஞ்சு மணிக்குள்ள எனக்குத் தெரியணும். நாளைக்குக் காலையில அவர் சீட்டைக் கிழிச்சிடுறேன்."

துளசி மூடினாள். பதினாலு ஃபோனும் ஒரே நொடியில் வாசலுக்கு வெளியே நின்றன.

நாலு மணிக்கு மேல் சிவசாமி வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"துளசிமா, மெயில் திறக்க மாட்டேங்குது."

"நான்தான் மூடினேன். அந்தப் பதினாலு பேரும் யாரு கிராணி?"

அவர் மறைக்கவில்லை. "நம்ம லயத்து வீடுகள்ல இருக்குற தோட்டத்து ஆளுங்கதான்."

"கொழுந்து பறிக்கிறவங்களுக்குக் கம்பெனி மெயில் எதுக்கு?"

"முன்ன லயத்துக்கு வர்ற கடிதாசி எல்லாம் ஆபீஸ் முகவரிக்குத்தானே வரும்? கிராணி பிரிச்சுக் குடுப்பாரு. இப்ப எந்தப் பாரத்தை எடுத்தாலும் ஈமெயில் கேக்குறான். அதுங்களுக்கு ஏது? என்னோடதைப் போடுங்கன்னேன். மொதல்ல நானே வீடு வீடாப் போய்ச் சொன்னேன். அப்புறம் முட்டி ஒத்துழைக்கல. அவங்க ஃபோன்லயே போட்டுக் குடுத்துட்டேன்."

துளசிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கடிதாசியும் இதும் ஒண்ணா? இதுல சம்பள விவரம் இருக்கு, விலை இருக்கு. அத்தனையும் பதினாலு வீட்டுல கிடக்குதே!"

"அதையெல்லாம் அவங்க பாக்க மாட்டாங்கமா."

"நீங்க சொன்னா சர்வர் நம்புமா?"

"தப்புதான். மேனேஜர் துரை என்ன வேணா பண்ணட்டும், நாளைக்கு." அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இன்னிக்கு ஒரே ஒரு பதில் மட்டும் போடணும். மூணாம் லயத்துத் தனுஜாவுக்கு நர்சிங் காலேஜ்ல இடம் வந்திருக்கு. அஞ்சு மணிக்குள்ள சம்மதம்னு சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும். புள்ள கீழே நின்னு அழுவுது."

துளசிக்குக் கோபம் அடங்கவில்லை.

"நானும் கீழ் டிவிஷன் லயத்துல பொறந்தவதான், கிராணி. எங்கப்பா லோரி ஓட்டுனாரு. என் ஸ்காலர்ஷிப்புக்காகத் தானா ராத்தா டவுன் இன்டர்நெட் கடைக்கு எத்தனை தடவ அலைஞ்சிருப்பாரு! அடுத்தவங்க மெயில்ல ஒண்டிக்கிட்டு நாங்க மேல வரல."

சிவசாமி அவளை ஒரு கணம் பார்த்தார். வாய் திறக்கப் போனவர் போலத் தெரிந்தது. பிறகு தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார்.

"மணி நாலு நாப்பதாச்சும்மா," என்றார்.

தனுஜா என்ன தப்பு செய்தாள்? துளசி புது பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்தாள். காலேஜ் மெயில் மேலேயே இருந்தது. ஒற்றை விரலால் அவர் எழுத்துத் தேடுவதைப் பார்க்கப் பொறுக்காமல் அவளே தட்டி அனுப்பினாள்.

"நீ நல்லா இருக்கணும்மா," என்று சொல்லிவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு அவசரமாகப் படியிறங்கினார் சிவசாமி.

இனி மேனேஜருக்குப் பெயர்ப் பட்டியல் வேண்டும். 'லயம்' என்று ஒரு தனிப் பெட்டியே வைத்திருந்தார் மனிதர். எத்தனை காலமாக இந்தக் கூத்து நடக்கிறது என்று பார்க்க, இருப்பதிலேயே பழைய மெயிலைத் திறந்தாள்.

இரண்டாயிரத்துப் பதிமூன்று, அக்டோபர். படிப்புக்குப் பணம் உதவும் ஏதோ ஓர் அறவாரியத்துக்குத் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்.

'ஐயா, சேறு வந்து ரோடு அடைத்துவிட்டது. பிள்ளை ஸ்காலர்ஷிப் நேர்காணலுக்கு வர வழியில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. தயவுசெய்து வேறு தேதி கொடுங்கள்.'

மறுநாளும் அதையே எழுதியிருந்தார். மூன்றாம் நாளும். நான்காம் நாள்தான் பதில் வந்திருந்தது. புதுத் தேதி. அதற்கு மேலே, பிள்ளையின் முழுப்பெயர்.

துளசி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். மறுபடி உட்கார்ந்தாள். மறுபடியும் அந்தப் பெயரைப் படித்தாள்.

மேசைத் தொலைபேசி அடித்தது.

"மணி அஞ்சாச்சு," என்றார் தர்மேந்திரன். "யாரு அந்த வெளியாளுங்க? பதினாலு பேரும் தெரிஞ்சுதா?"

"பதினாலு இல்ல சார், பதினஞ்சு," என்றாள் துளசி. "முதல் ஆள் நான்தான்."