எலோப்

போன் வந்தபோது வெற்றிச்செல்வன் உப்புப் பாத்திக்குள் நின்று பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தான்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் பேசினாள். “உங்க அப்பா கலியபெருமாள் எலோப் ஆயிட்டார். உடனே வாங்க.” வைத்துவிட்டாள்.

அந்த வார்த்தை அவனுக்குப் புரியவில்லை. பலகையைக் கீழே போட்டான்.

சர்க்கரையால் அழுகிய கால்விரலை நாளை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பதில் கடலில் இறங்கிவிடலாம் என்று அப்பா நேற்றுதான் சொன்னார்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த மனைவி பூஜா வரப்பில் நின்றிருந்தாள். பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். அவளிடம் ஓடினான்.

“எலோப்னா செத்துட்டாருன்னு அர்த்தமா?”

பூஜா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். “இல்லீங்க. லவ் பண்றவங்க வீட்டுக்குத் தெரியாம ஓடிப்போறாங்கல்ல, அதுக்குத்தான் அப்டி சொல்லுவாங்க.”

அப்பாவுக்கு அறுபத்திரண்டு வயது. ஒரு காலில் கட்டு. இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

திரும்பக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான். நர்ஸ் இந்த முறை பொறுமையாகவே பேசினாள். யாரிடமும் சொல்லாமல் நோயாளி கிளம்பிப் போய்விட்டால் ஆஸ்பத்திரியில் அந்த வார்த்தையைத்தான் சொல்வார்களாம்.

வெற்றிச்செல்வன் கடல் பக்கம் பார்த்தான்.

“தனியாவா போனாரு?”

நர்ஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பெண்கள் வார்டிலும் ஒருவரைக் காணவில்லையாம். இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறியதை வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். கிளியனூர் பாக்கியலட்சுமி. தெரிந்தவரா?

அவன் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போனவள். அவன் கல்யாணத்துக்கு வந்தாள். மணமேடையில் ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம். முகத்தைப் பார்த்துக்கொள்ளாமலே அட்சதை போட்டார்கள்.

அம்மா ஆஸ்பத்திரியில் இருப்பதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பூஜா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“ஹலோ? போலீஸ்ல சொல்லட்டுமா?”

“வேணாங்க சிஸ்டர். ஆபரேஷனுக்கு நாளைக்கு நானே கூட்டியாறேன்.”

எழுந்து, பின்னால் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டான்.

“இன்னிக்கி ஒரு நாள் விட்டுடுங்க.”