நாலாவது கிட்டார்

"அண்ணனுக்கு இவ்ளோதானா, டீச்சர்?"

தன்சீல் அகமது கேட்டதும் பிரிசில்லா நிமிர்ந்து பார்த்தாள். பாகாயத்தில் அவள் வீட்டு ஹால். நாலு நாற்காலி, நாலு கிட்டார். அடுத்த மாதம் கச்சேரி.

வயலின், செல்லோ என்று நாலு வாத்தியத்துக்கு எழுதப்பட்ட மேல்நாட்டு கிளாசிக்கல் இசை ஒன்றை, மியூசிக் டீச்சரான பிரிசில்லா நாலு கிட்டாருக்கு மாற்றி எழுதியிருந்தாள். அவளையும் சேர்த்து ஆளுக்கொரு பார்ட்.

தன்சீலுக்கு ஏழு பக்கம். வேதாசலத்துக்கு ஒன்றரைப் பக்கம்.

இந்தக் குழுவை ஆரம்பித்ததே வேதாசலம்தான். தோல் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். பத்து வருஷமாக முதல் கிட்டார் அவருடையது. இப்போது நாலாவது. டங். கொஞ்ச நேரம் சும்மா. மறுபடி டங்.

"இன்னா டீச்சர் இது? மேலயும் கீழயும் ஓடி என் விரல் பேஜாராவுது. அவருக்கு ஸ்கூல் மணி அடிக்கிற வேலை."

"இசைக்கு அது போதும்."

"அப்ப நாங்க மாத்திக்கிறோம். என் பார்ட்டை அண்ணன் வாசிக்கட்டும்."

"அது அவருக்குச் சரிப்படாது," என்றாள் பிரிசில்லா, பென்சில் சீவிக்கொண்டே.

இன்னொரு நாற்காலியில் இருந்த இளம்பரிதி ஜன்னலைப் பார்த்தான்.

"விடு பாய்," என்றார் வேதாசலம். "எனக்கு இதுவே ஜாஸ்தி."

தன்சீல் விடவில்லை. நாலாவது பார்ட்டில் ஒரு காப்பி கேட்டு வாங்கிப் பையில் வைத்தான்.

"வீட்ல வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்புறேன். ஒரு மனுஷனுக்குக் கொடுக்குற பார்ட்டா இதுன்னு நீங்களே கேளுங்க. அப்புறமும் மாத்தலன்னா, கச்சேரிக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க."

ஆம்பூர் வரைக்கும் பஸ்ஸில் கோபம் இறங்கவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் சட்டைகூட மாற்றாமல் கிட்டாரை எடுத்தான்.

மனைவி ஹீனா டீ கொண்டு வந்தாள். வாசிப்பை நிறுத்தாமலே இடது கையை நீட்டி டம்ளரை வாங்கினான்.

"ஒரு கையாலயே வாசிக்கிறீங்க?"

"இதுக்கு ஒரு கை போதும்," என்று எரிந்து விழுந்தவன், சட்டென்று நிறுத்தினான்.

டம்ளரைக் கீழே வைத்தான். முதல் வரியிலிருந்து மறுபடி பார்த்தான். கிட்டத்தட்ட எல்லாமே, இடது கை விரலால் கம்பியை அழுத்தாமல், சும்மா மீட்டினாலே வருகிற சுரங்கள்.

தன் ஏழு பக்கத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தான். நாலாவது கிட்டார் சும்மா இருக்கிற இடங்களிலெல்லாம், அது அழுத்தி வாசிக்க வேண்டிய சுரங்கள் வரிசையாக இவன் பார்ட்டுக்கு வந்து சேர்ந்திருந்தன.

மூணு மாசம் முன்னால் வேதாசலம் ரெண்டு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். கேட்டதற்கு, "சுகர் ஜாஸ்தி பாய், வேற ஒண்ணுமில்ல," என்றார். அதற்கப்புறம் நாலு பேரும் கிட்டாரோடு உட்கார்ந்தது இன்றைக்குத்தான். டீச்சர் கொடுத்த டீ டம்ளரைக்கூட அவர் இடது கையால் தொடவில்லை; அந்தக் கை மடியிலேயே கிடந்தது.

பிரிசில்லாவுக்குப் போன் போட்டான்.

"ரெக்கார்ட் பண்ணிட்டீங்களா?" என்றாள் அவள், சாதாரணமாக.

"இல்ல டீச்சர். கடைசி வரியில ஒரு இடத்துல அண்ணன் கம்பியை அழுத்த வேண்டி வருது. நீங்க கவனிக்கல போல. அதையும் என் பார்ட்டுலயே எழுதிடுங்க."