தலையைத் தூக்காமல்

தூரத்தில் இருக்கிறவர்தான் முதலில் அடிக்க வேண்டும். அது சட்டம்.

ஆபீசர் தெட்சிணாமூர்த்தியின் பந்து குழியிலிருந்து ஒரு கை நீளம் தள்ளிக் கிடந்தது. என்னுடையது ஒரு சாண். அவர் குனிந்து அடித்தார். பந்து குழியை உரசிக்கொண்டு போய் அந்தப் பக்கம் நின்றது.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பந்து உருளும் முன்பே தலையைத் தூக்கிவிட்டார். ஆடும்போதெல்லாம் 'தலையைத் தூக்காதே' என்று எனக்குச் சொல்லிச் சொல்லி உயிரை வாங்குகிற மனுஷன்!

"ம்" என்றார். அடுத்த அடியில் பந்தை உள்ளே தள்ளிவிட்டு விலகி நின்றார்.

குழி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பட்டினச்சேரிக்குப் போகிற வழியில், கடலை ஒட்டிய கட்டாந்தரையில் புதைத்து வைத்த பால்பவுடர் டப்பா. பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய பனைமட்டை. ஊட்டியில் வேலை பார்த்தபோது பிடித்த கோல்ஃப் பைத்தியத்தை மூட்டை கட்டிக் காரைக்காலுக்கும் கொண்டுவந்துவிட்டார். இங்கே புல்லுக்கு எங்கே போவது? மணலும் கருவாட்டு வாடையும்தான். பந்து கருவாட்டின் மேல் விழுந்தாலும் கையால் தொடக் கூடாது, கிடக்கிற இடத்திலிருந்தே அடிக்க வேண்டும். அதுவும் சட்டம். மீன் காயவைக்கிற பூவாயியிடம் ஏச்சு வாங்குவது மட்டும் என் பங்கு.

கூட ஆட ஆள் வேண்டுமே. ஆபீசில் இரண்டு கிளார்க்குகள் அகப்பட்டோம். ஒரு நாள் நான், மறுநாள் கோவிந்தராசு.

எங்கள் இருவரில் ஒருவரை இந்த மாதக் கடைசியில் ஏனாமுக்கு அனுப்ப வேண்டும். புதுச்சேரி சர்க்கார் வேலையில் இது ஒரு தலைவலி. ஊர் இங்கே இருக்கும், ஆபீஸ் ஆந்திராவுக்குள் இருக்கும். யாரை அனுப்புவது என்பது தெட்சிணாமூர்த்தியின் கையில்.

என் பெண்டாட்டி மலர்க்கொடிக்கு இது நிறைமாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. அவளுக்கு என்னை விட்டால் துணைக்கு ஒரு நாதி கிடையாது.

வாயைத் திறந்து கேட்டும்விட்டேன். "ஐயா, வீட்டுல நெலமை இப்படி இருக்குங்க. என்னை மட்டும் அனுப்பிடாதீங்க."

"பார்ப்போம் நீலமேகம். முதல்ல தலையைத் தூக்காம அடிக்கக் கத்துக்குங்க."

நழுவுகிறார் என்று நினைத்தேன். எந்த ஆபீசர் நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்?

வழி சொன்னது கோவிந்தராசுதான். "தோத்துக்கிட்டே இருய்யா. ஆபீசரை ஜெயிச்சுட்டு எவன் உருப்பட்டான்? நானும் அதைத்தான் செய்யறேன்."

நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து தோற்கிறேன்.

தோற்பது லேசு என்று நினைத்துவிடாதீர்கள். ஆட்டம் எனக்கு எப்போதோ வந்துவிட்டது. குழிக்குக் கிட்டே வந்தால் உடம்பு பாரத்தை இடது காலில் வைக்க வேண்டும். மணிக்கட்டு மடங்கக் கூடாது. பந்தை நாமாகத் தூக்கிவிடப் பார்க்கக் கூடாது, மட்டையே தூக்கிவிடும். கடைசியில் தரையோடு உருட்டுகிறபோது, பந்து டப்பாவில் விழுகிற சத்தம் காதில் கேட்கும்வரை தலை நிமிரக் கூடாது. வீட்டில் மலர்க்கொடி காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தம்ளரைச் சாய்த்துப் பிடிப்பாள். பழைய குடைக் கம்பால் அடிப்பேன். ஒன்றுகூடத் தப்பாது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இங்கே வந்து அத்தனையையும் தப்பாகச் செய்ய வேண்டும். பார்க்கிறவருக்குத் தெரியாமலும் செய்ய வேண்டும். நாள் பூராவும் பைலோடு மாரடித்துவிட்டு இது வேறு. அலுத்துப்போய்விட்டது எனக்கு.

இப்போது ஒரு சாண். இது விழுந்தால் நான் ஜெயித்துவிடுவேன். பச்சைப் பிள்ளைகூடப் போட்டுவிடும்.

தலையைத் தூக்கி அடித்தேன். பந்து தாண்டிப் போயிற்று. திரும்ப அடித்தேன். இந்தப் பக்கம் வந்து நின்றது.

வழக்கமாக நான் தோற்றதும் தோளில் தட்டுவார். இன்றைக்குத் தட்டவில்லை. மட்டையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றார்.

"அந்த மொத அடியை நான் வேணும்னேதாங்க விட்டேன், நீலமேகம். இன்னிக்காவது நீங்க ஜெயிச்சா மனசை மாத்திக்கலாம்னு பார்த்தேன்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"ரெண்டு பேர்ல ஒருத்தரை அனுப்பியாகணும். இந்த ஊர்ல எனக்குன்னு இருக்கறது இந்த சாயங்காலம் ஒண்ணுதான். கோவிந்தராசு வாராவாரம் என்னை ஜெயிக்கிறாருங்க. அவரை எப்படி நான் விடுறது?"

கோவிந்தராசு ஜெயிக்கிறானா? அடப்பாவி!

"ஐயா, எனக்கு ஆட வருங்க" என்றேன்.

"பரவாயில்லை, விடுங்க. எல்லாருக்கும் வந்துடாது. நாளைக்கு ஆர்டர் வந்துடும்." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜீப்பை நோக்கி நடந்தார்.

மலர்க்கொடியிடம் எந்த வாயால் சொல்வேன்?

பந்தை எடுத்து நாலு கை நீளம் தள்ளி வைத்தேன். இடது காலில் ஊன்றி நின்றேன். மணிக்கட்டை மடக்காமல் அடித்தேன்.

ணங்.

ஜீப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. "ஆங்! பார்த்தீங்களா! இதைத்தானேங்க இத்தனை நாளா கத்துறேன்! அங்க போயும் விட்டுடாதீங்க. ஏனாம்ல ஆத்து மணல் நல்லாயிருக்கும்."

டப்பாவுக்குள் பந்து அசைந்து அடங்கியது.

நான் தலையைத் தூக்கவில்லை.