ஒரே இடுக்கி

ஜீப் சத்தம் கேட்டதும் சக்கரவர்த்தி, மனைவி அம்சவல்லியைச் சாமைக் குதிருக்குப் பின்னால் ஒளித்துவைத்தான். குடல்வால் ஆபரேஷன் ஆன மூன்றாம் நாளே, அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து யாருக்கும் சொல்லாமல் அவளைத் தூக்கிவந்திருந்தான். இன்று எட்டாம் நாள்.

டாக்டரம்மா மூச்சிரைக்க வாசலில் நின்றார்.

"அம்சவல்லி எங்க?"

"அம்மா வூட்டுக்குப் போய்ட்டாங்க."

சாமைத் தூசியில் அம்சவல்லி தும்மிவிட்டாள்.

"ஏன்யா இப்படி ஓடிவந்த?"

"கம்பவுண்டரு ஒரே இடுக்கியால எல்லாருக்கும் கட்டு மாத்துறாருங்க. ஒருத்தர் ரத்தம் பட்டத அடுத்தவங்க மேல வெச்சா எங்க சாமிக்கு ஆவாதுங்க. சொன்னா சிரிக்கிறாரு."

டாக்டரம்மா குதிருக்குப் பின்னாலிருந்து அம்சவல்லியை வெளியே கூப்பிட்டார். "கட்டை நீயே தூக்கிக் காட்டும்மா" என்றார். பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

சக்கரவர்த்தி கைகூப்பினான். "திரும்ப அங்க இட்னு போவாதீங்கம்மா."

"அங்க இடமே இல்ல. இவளோட இருந்த ஆறு பேருக்கும் புண்ணுல சீழ் வெச்சிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன், பொழைச்சுக்குவாங்க. வார்டைப் பூட்டிக் கழுவிட்டிருக்கோம்."

"அப்ப இன்னாத்துக்கு வந்தீங்க?"

"இவளுக்கும் சீழ் வெச்சிருக்குமோன்னு பயந்துதான் ஓடிவந்தேன். நல்லா ஆறியிருக்கு. தையலை இங்கயே பிரிச்சிடுறேன்."

பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். சக்கரவர்த்தி அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டாக்டரம்மா சிரித்தபடி அதை அவனிடமே நீட்டினார்.

"இந்தா, நீயே கொதிக்க வெச்சுக் கொண்டா."