அசல் சாமான்

செண்பகராஜ் பெட்டியைத் திறந்து, கையில் வைத்து விளையாடுகிற அந்த வீடியோ கேம் கருவியைக் லிங்கராஜின் செல்போன் கடைக் கண்ணாடி மேசை மேல் வைத்தான். திரையில் ஒட்டியிருந்த தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. மகனுக்குத்தான் என்று லிங்கராஜுக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெற்ற மகன் படத்தைத் தீப்பெட்டி லேபிளிலேயே அச்சடித்து ஊர் ஊராக அனுப்புகிறவன், வேறு யாருக்கு இப்படி வாங்கிக் கொட்டப் போகிறான்?

"இதுக்கு என்னென்ன சாமான் வேணுமோ எல்லாம் எடுத்து வைங்க அத்தான்."

"கோயில்பட்டியில வேற கடையா இல்ல?"

"இருக்கு. நம்ம கடையில வாங்கணும்னு தோணிச்சு."

நம்ம கடையாம். லிங்கராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனைவி சத்யபிரியாவின் உடன்பிறந்த தம்பி இந்தச் செண்பகராஜ். லிங்கராஜின் அம்மா இறந்து கருமாதி நடந்தபோது, கொள்ளி வைத்தவன் தலையில் மைத்துனன்தான் உருமால் கட்டிவிட வேண்டும். இவன் வரவே இல்லை. ஊரே பார்க்க, மழித்த தலையோடு லிங்கராஜ் வெயிலில் வழியைப் பார்த்துக்கொண்டு நின்றான். கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் பாவம் பார்த்துக் கட்டிவிட்டார்.

ஏன் வரவில்லை என்று அவன் இன்றுவரை கேட்டதில்லை. கேட்டால் கோபம் குறைந்துவிடுமோ என்று பயந்தானோ என்னவோ. சத்யபிரியா தம்பி வீட்டுப் படி ஏறக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாகலாபுரத்துக் குலசாமி கோயிலில் மகளுக்குக் காதுகுத்து. ஊருக்கெல்லாம் சொல்லியாயிற்று, தாய்மாமனுக்கு மட்டும் சொல்லவில்லை. சத்யபிரியா அழுது பார்த்தாள், அவன் அசையவில்லை.

அப்படிப்பட்ட பகையாளி தானாகக் கடை தேடி வந்திருக்கிறான். பழம் நழுவிப் பாலில் விழுந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

லிங்கராஜ் மேசைக்கடியில் இருந்த அட்டைப்பெட்டியைக் காலால் இழுத்தான். பழுது என்று வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த சாமான்கள் அதில் கிடந்தன. முதலில் ஒரு மெமரி கார்டை எடுத்தான். மாங்கு மாங்கென்று விளையாடிச் சேர்த்ததையெல்லாம் ஒரே நாளில் விழுங்கிவிடும் ஜாதி அது. அடுத்து, ஜிப் பாதியில் நின்றுவிடுகிற ஒரு பை. அந்த லேபிள் மூஞ்சிப் பயல் மூக்கைச் சிந்திக்கொண்டு அழுவதை நினைத்துப் பார்க்கவே இனித்தது.

தலையோடு மாட்டுகிற பெரிய ஹெட்போனை நீட்டியபோது செண்பகராஜ் தடுத்தான்.

"காது மடல்ல எதுவும் படப்படாது அத்தான். உள்ள வைக்கிற சின்னது போதும், கொஞ்ச நாளைக்கு."

ராஜகுமாரனுக்குக் காது மடலும் நோகக்கூடாதோ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே, ஒரு பக்கம் மட்டும் கேட்கிற இயர்போனைத் தேடி எடுத்து வைத்தான்.

கடைசியாகச் சார்ஜர். பெட்டியின் அடியில் கிடந்தது. புதூர்க்காரர் ஒருவர் ஆத்திரத்தில் மேசை மேல் வீசிவிட்டுப் போனது. சொருகிய கொஞ்ச நேரத்தில் கை வைக்க முடியாமல் கொதிக்கும். அவருடைய செல்போன் பேட்டரி அப்பளமாக உப்பிப்போயிருந்தது. அதைத் தொட்டபோது லிங்கராஜின் கை சற்றுத் தயங்கியது. மழித்த தலையில் அன்று அடித்த வெயில் ஞாபகத்துக்கு வந்தது. எடுத்துப் புது உறையில் போட்டு ஒட்டினான்.

"சார்ஜர மட்டும் நல்லதாப் பாத்துக் குடுங்க அத்தான். சின்னப் புள்ள, தலைமாட்டுலயே சொருகி வச்சிட்டுத் தூங்கிரும்."

"எல்லாம் அசல் சாமான்."

"தீப்பெட்டி ஆபீஸ் நடத்துதவன்லா, சூடுன்னாலே பயமா இருக்கு. நம்பி வாங்கிட்டுப் போலாமா?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, கெஞ்சித்தான் கேட்டான். அதுதான் லிங்கராஜுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பில்லையும் கேரண்டியையும் இந்தப் பக்கம் யார் மதிக்கிறார்கள்? பெற்ற பிள்ளை மேல் ஆணையிட்டுச் சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது. பொய்யாக அப்படிச் சொல்ல அவனுக்கும் பயம்தான். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கடைசிப் படியில் சறுக்கவும் மனமில்லை. குலசாமியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

"எம் மவ மேல சத்தியமாச் சொல்லுதேன். இதுல ஒரு குறையும் கெடையாது."

செண்பகராஜின் முகம் தெளிந்தது. காலடியில் வைத்திருந்த துணிப்பையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை எடுத்தான். அதில் வெற்றிலை, பாக்கு, பழம் பரப்பி, நடுவில் கேம் கருவியை வைத்தான். மெமரி கார்டு, பை, இயர்போன், சார்ஜர் எல்லாவற்றையும் அதைச் சுற்றி ஒவ்வொன்றாக அடுக்கினான். பிறகு தட்டை இரண்டு கையாலும் தூக்கி லிங்கராஜிடம் நீட்டினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அவளுக்குத்தான் அத்தான் இந்தச் சீரு."