ஏழாம் எண் ஓடம்

எப்போதோ நின்றுபோன ஒரு விண்வெளி டிவி தொடரில் வரும் குட்டி ஓடங்களை எல்லாம் நானும் பென்சாமும் பட்டியலிட்டுக்கொண்டிருந்தோம். ஓர் ஓடம் தாய்க்கப்பலை விட்டுப் போனால், அது திரும்பும் காட்சியையும் தேடிப் பிடிக்க வேண்டும். எதுவானாலும் இருவர் கண்ணிலும் பட்டால்தான் சேர்த்தி. இது எங்கள் சட்டம். ஏழாம் எண் ஓடம் மட்டும் மூன்றாம் வாரத்தில் போனது, வரவே இல்லை. "கதை எழுதினவன் மறந்திருப்பான், விடுடா" என்றான் பென்சாம். நான் விடவில்லை. கடைசி வாரத்தில் போர் முடிந்து தாய்க்கப்பல் ஊர் திரும்பும் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கப்பலுக்குள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். நாங்களும் ஒவ்வொரு முறையும் கை தட்டியிருக்கிறோம். அவர்களுக்குப் பின்னால், மூடிக்கொண்டிருந்த பெரிய கதவின் இடுக்கில் ஒரு வெள்ளைப் புள்ளி. பெரிதாக்கச் சொன்னேன். ஏழு. முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டபடி வந்துகொண்டிருந்தது. "டேய், உள்ள ஆள் இருக்குடா." பென்சாம் வெகுநேரம் பார்த்தான். "ஏதோ தூசி. எனக்கு ஒண்ணும் தெரியல" என்றான். "அப்ப ஓட்டு, கதவு மூடட்டும்" என்றேன். ரிமோட் அவன் கையில்தான் இருந்தது. கட்டைவிரல் அசையவில்லை.